வயிற்றுக்குள் ஏற்றும் 'காஸ்' ரத்தத்தில் கலந்தால்...? 'லேப்ராஸ்கோப்பி' ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்!

புளியங்குடி:

"வயித்துல மூணு சின்ன ஓட்டைதான் போடுவோம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் பாதி பயம் போய்விடும். அடுத்ததாக, "வயித்துக்குள்ள காஸ் ஏத்துவோம்" என்று சொன்னால் போதும். போன பயம் ரெண்டு மடங்காகத் திரும்பி வந்துவிடும்.

பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி, குடும்பக்கட்டுப்பாடு என்று இப்போது பாதிக்கு மேல் இந்த 'லேப்ராஸ்கோப்பி' முறைதான் பேச்சு. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஜனங்கள் தென்காசி, ராஜபாளையம், நெல்லை, மதுரை என்று போய் இதைச் செய்துகொண்டு வருகிறார்கள்.

எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும், தறி ஓட்டுகிறவருக்கும், பீடி சுற்றுகிற பெண்ணுக்கும் தழும்பு பெரிசா சின்னதா என்பது கவலை இல்லை. எத்தனை நாள் கூலி போகும் என்பதுதான் கவலை. வயிற்றைக் கிழித்தால் மாசக்கணக்கில் பாரம் தூக்க முடியாது. ஓட்டை போட்டால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு.

ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால் வேறு பேச்சும் காதில் விழும். "அந்த காஸ் ரத்தத்துல ஏறி நெஞ்சை அடைச்சிருமாமே அண்ணாச்சி... ஆபரேஷன் டேபிள்லயே ஆள் போயிருவாங்களாமே!"

இது உண்மையா, புரளியா?

உண்மைதான். ஆனால் ரொம்ப ரொம்ப அபூர்வமாக நடக்கிற விஷயம். டாக்டர்கள் இதை 'காஸ் எம்பாலிசம்' என்கிறார்கள். காஸ் குமிழி ரத்தக்குழாய்க்குள் புகுந்து, இதயத்துக்குப் போய் ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுவதுதான் இது. எந்த காஸ் ஏற்றுகிறார்கள், எந்த மெஷினில் ஏற்றுகிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்ற மூன்று விஷயத்தில்தான் உயிர் இருக்கிறது.

காஸ் எதுக்கு?

நம்ம வயிற்றுக்குள் குடல், ஈரல், பித்தப்பை, கர்ப்பப்பை எல்லாம் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். வாய் கட்டிய மூட்டைக்குள் டார்ச் அடித்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சாக்கைக் கொஞ்சம் தூக்கி விரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

அதுக்குத்தான் காஸ். தொப்புள் பக்கத்தில் ஒரு ஊசியைச் செலுத்தி, அது வழியாக சுமார் 3 முதல் 5 லிட்டர் வரை ஏற்றுவார்கள். வயிறு உப்பி மேலே எழும்பும். உள்ளே இடம் கிடைக்கும். பிறகு ஒரு ஓட்டையில் கேமரா, மற்ற ஓட்டைகளில் கருவிகள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே டாக்டர் ஆபரேஷன் செய்வார். முடிந்ததும் காஸை வெளியே விட்டுவிடுவார்கள்.

இந்த ஊசிக்குப் பெயர் 'வெரஸ் ஊசி'. ஹங்கேரி நாட்டு டாக்டர் ஜானோஸ் வெரஸ் 1930-களில் உருவாக்கியது. அப்போது அவர் இதைச் செய்தது வயிற்றுக்காக இல்லை, டி.பி. நோயாளிகளின் நெஞ்சில் காற்று ஏற்றுவதற்காக! அதுதான் பின்னால் வயிற்று ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தது.

ஜெர்மனியில் 1980-ல் குர்ட் செம் என்ற டாக்டர் இந்த முறையில் குடல்வாலை எடுத்தார். 1985-ல் எரிக் மூஹே என்ற டாக்டர் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவுக்கு 1990-ல் வந்தது. மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெம்டன் உத்வாடியா முதல் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். அடுத்த சில வருஷங்களில் கோவை டாக்டர் பழனிவேலு போன்றவர்கள் தமிழ்நாட்டில் இதைப் பரப்பினார்கள். இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையிலேயே பல லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்கள் செய்துகொள்ளலாம்.

கோலி சோடாவில் இருப்பதும் இதே காஸ்தான்!

வயிற்றுக்குள் ஏற்றுவது சமையல் காஸ் இல்லை. நாம மூச்சு விடும்போது வெளியே வருகிறதே, அதே கார்பன் டை ஆக்சைடு. கோலி சோடாவில் அடைக்கிறதும் இதுதான்.

ஊரே மணக்கும் நம்ம எலுமிச்சையைப் பிழிந்து ஒரு சோடா குடிக்கிறோம். மூடியிருக்கும்போது பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் தெரியும். காஸ் எங்கே? தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. கோலியை அமுக்கினதும் 'புஸ்' என்று பொங்குகிறது. அந்த அளவுக்கு இது தண்ணீரில் கரையும். ரத்தத்திலும் அப்படித்தான். ஆக்சிஜன் கரைவதைப் போல சுமார் 20 மடங்கு கரையும்.

சைக்கிள் பம்பை வைத்து பாட்டிலுக்குள் காற்றடித்தால் சோடா ஆகுமா? ஆகாது. வெளிக்காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அது தண்ணீரிலோ ரத்தத்திலோ லேசில் கரையாது.

இதனால்தான் டாக்டர்கள் கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பித்தவறி கொஞ்சம் ரத்தத்தில் போனாலும் கரைந்து, நுரையீரல் வழியாக மூச்சிலேயே வெளியே போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. இது தீப்பிடிக்காது. உள்ளே கரண்ட் வைத்து ரத்தக்கசிவைச் சுடும்போது ஆபத்து வராது. 1924-லேயே சுவிட்சர்லாந்து டாக்டர் சோலிகோபர் இந்த காஸைப் பரிந்துரை செய்துவிட்டார்.

நாய்களை வைத்து முன்பு நடந்த சோதனைகளில், உயிருக்கு ஆபத்து வர வெளிக்காற்றைப் போல சுமார் 5 மடங்கு கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் போக வேண்டியிருந்தது. வித்தியாசம் அவ்வளவு!

மோட்டார் ஓடும், தண்ணி வராது!

சரி, கரையும் காஸ் என்றால் ஆபத்து எப்படி வருகிறது?

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரில் 'ஏர் லாக்' ஆகிவிட்டால் என்ன நடக்கும்? மோட்டார் 'கர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கும். குழாயில் ஒரு சொட்டு தண்ணி வராது. உள்ளே காற்று நின்றுவிட்டால் மோட்டாரால் தண்ணியை இழுத்துத் தள்ள முடியாது.

இதயமும் ஒரு பம்ப்தான். உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் இதயத்தின் வலது பக்கத்துக்கு வரும். அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படும். ஒரே நேரத்தில் நிறைய காஸ் அந்த வலது அறைக்குள் வந்துவிட்டால், ரத்தமும் காஸும் சேர்ந்து நுரையாகப் பொங்கும். இதயம் துடிக்கும். ஆனால் ரத்தம் முன்னால் போகாது. நுரையீரலுக்கு ரத்தம் போகவில்லை, மூளைக்கும் போகவில்லை. பி.பி. சரசரவென்று இறங்கும். சில நிமிஷத்தில் இதயமே நின்றுவிடலாம்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கரைந்துவிடும். திடீரென்று மொத்தமாகப் போனால் கரைய நேரம் இருக்காது. ஆபத்து அதில்தான்.

இன்னொரு வழியும் உண்டு. பிறக்கும்போது இதயத்தின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னத் துளை சுமார் நாலில் ஒருவருக்கு முழுசாக மூடியிருக்காது. சாதாரணமாக அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் காஸ் குமிழி அந்த வழியாக இடது பக்கம் தாண்டிவிட்டால் மூளைக்குப் போய் பக்கவாதம் வரவும் வாய்ப்பு இருக்கிறது.

ரத்தக்குழாய்க்குள் எப்படி நுழைகிறது?

பி.பி. பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறார்கள் இல்லையா? அதே கணக்கில் வயிற்றுக்குள் காஸ் அழுத்தம் 12 முதல் 15 வரைதான் வைப்பார்கள். இதயத்திலிருந்து ரத்தம் பாயும் குழாயில் அழுத்தம் அதிகம். அதில் காஸ் நுழைய முடியாது. ஆனால் ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வரும் குழாயில் அழுத்தம் குறைவு. பல நேரம் 10-க்கும் கீழே இருக்கும். அங்கே ஒரு வெட்டு இருந்தால் காஸ் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்.

பெரும்பாலும் இது நடப்பது ஆரம்பத்திலேயே. கண்ணால் பார்க்காமல் குத்தும் அந்த முதல் ஊசி, தவறிப்போய் பெரிய ரத்தக்குழாயிலோ ஈரலிலோ ஏறிவிட்டால், காஸ் நேராக ரத்தத்துக்குள் போகும். ஈரல் ஆபரேஷன், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ரத்தக்குழாய் அதிகம் உள்ள இடங்களில் பாதியிலும் வரலாம். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தோ, ரத்தம் நிறைய போயோ இருந்தால் ரத்தக்குழாயில் அழுத்தம் இன்னும் இறங்கிவிடும். அப்போது காஸ் நுழைவது சுலபம்.

இதைத் தடுக்க டாக்டர்களிடம் பல வழி இருக்கிறது. ஊசியைக் குத்தினதும் சிரிஞ்சால் இழுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். காஸையும் முதலில் மெதுவாகத்தான் விடுவார்கள். டியூபில் இருக்கும் வெளிக்காற்றை முதலிலேயே வெளியேற்றிவிடுவார்கள். ஊசியே வேண்டாம் என்று தொப்புள் பக்கம் சின்னதாகக் கீறி, கண்ணால் பார்த்தபடி குழாயைச் செருகும் முறையும் உண்டு. அமெரிக்காவில் டாக்டர் ஹாசன் 1971-ல் கொண்டுவந்தது அது. ஏற்கனவே வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம் என்பதால் இப்படிப்பட்ட வழியைத்தான் யோசிப்பார்கள்.

56 பெண்களுக்கு சைக்கிள் பம்ப்! ஒடிசாவில் நடந்த கொடுமை

சோடா பாட்டிலுக்குச் சொன்ன அந்த சைக்கிள் பம்ப் உதாரணம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. நம்ம நாட்டில் நிஜமாகவே நடந்திருக்கிறது.

2014 நவம்பர் 28-ந்தேதி. ஒடிசா மாநிலம் அங்குல் மாவட்டத்தில் பனர்பால் என்ற இடத்தில் குடும்பக்கட்டுப்பாடு முகாம். 56 பெண்களுக்கு ஆபரேஷன். வயிற்றை உப்பவைக்க கார்பன் டை ஆக்சைடு மெஷின் இல்லை. அதற்குப் பதில் எதை வைத்து காற்றடித்தார்கள் தெரியுமா? சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் பம்ப்!

செய்தி வெளியே வந்ததும் உலகம் முழுக்க அதிர்ச்சி. ஆபரேஷன் செய்த டாக்டரோ, மாநிலத்தில் இது வழக்கமாக நடப்பதுதான் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. 56 பெண்களும் தப்பித்துக்கொண்டார்கள். அது அவர்கள் அதிர்ஷ்டம்.

சைக்கிள் பம்பில் என்ன தப்பு? வருவது வெளிக்காற்று. ரத்தத்தில் ஏறினால் லேசில் கரையாது. எவ்வளவு அழுத்தம், எத்தனை லிட்டர் என்று காட்ட மீட்டர் கிடையாது. அழுத்தம் கூடினால் தானாக நிற்காது. போதாக்குறைக்கு தூசியும் கிருமியும் வேறு. ஆஸ்பத்திரி மெஷின் என்றால் குறித்த அழுத்தம் வந்ததும் காஸை நிறுத்திக்கொள்ளும்.

இதே 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த குடும்பக்கட்டுப்பாடு முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். அது காஸ் ஏறி நடந்த சாவு இல்லை. கிருமித்தொற்று, மாத்திரையில் கலப்படம் என்று விசாரணை போனது. ஆனால் ஒரே நாளில் ஆட்டு மந்தை மாதிரி வரிசையில் படுக்கவைத்து ஆபரேஷன் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று நாட்டுக்கே புரிந்தது. பீகாரில் 2012-ல் நடந்த ஒரு மோசமான முகாம் பற்றிய வழக்கில், முகாம் போட்டு ஆபரேஷன் செய்யும் வழக்கத்தை 3 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016 செப்டம்பர் 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

வடக்கேதான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 2011-ல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு போய்விட்டது. கோமாவுக்குப் போன அவர் 2012-ல் இறந்தார். குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவிட்டது. இது காஸ் எம்பாலிசம் கிடையாது, வேறு விதமான தவறு. ஆனால் ஆபரேஷன் அறையில் எந்த குழாயில் எந்த காஸ் வருகிறது என்று பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மயக்க டாக்டர் கண் வைத்திருக்கும் அந்தக் கோடு

ஆபரேஷன் என்றால் நாம சர்ஜன் யாரு என்று மட்டும்தான் கேட்போம். காஸ் ரத்தத்தில் ஏறினால் அதை முதலில் கண்டுபிடிப்பது மயக்க டாக்டர்தான்.

நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். நெஞ்சு அடைக்குது என்று சொல்ல அவரால் முடியாது. அவருக்குப் பதிலாகப் பேசுவது மானிட்டர். அதில் 'கேப்னோகிராப்' என்று ஒரு கோடு ஓடும். நோயாளி வெளிவிடும் மூச்சில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று அது காட்டும். சாதாரணமாக 35 முதல் 40 வரை இருக்கும். இதயம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளினால்தான் அந்த அளவு வரும். 'ஏர் லாக்' ஆகிவிட்டால் அந்தக் கோடு திடீரென்று கீழே விழும். கூடவே பி.பி. இறங்கும். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் அளவு குறையும். இதயத்துடிப்பு தாறுமாறாகும். நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்தால் ஆலைச் சக்கரம் தண்ணியைக் கலக்குகிற மாதிரி 'களக் களக்' என்று சத்தம் கேட்பதும் உண்டு.

உடனே என்ன செய்வார்கள்?

* காஸை நிறுத்தி, வயிற்றில் இருக்கும் காஸை வெளியே திறந்துவிடுவார்கள். இதுதான் முதல் வேலை.

* 100 சதவீத ஆக்சிஜன் கொடுப்பார்கள். நைட்ரஸ் ஆக்சைடு போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்துவார்கள். அது குமிழியை இன்னும் பெரிசாக்கும்.

* நோயாளியை இடது பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்துவார்கள். குமிழி வழியை விட்டு மேலே ஒதுங்கும். ரத்தம் போக இடம் கிடைக்கும்.

* கழுத்து வழியாக இதயத்துக்குப் போகும் குழாய் இருந்தால் அதில் சிரிஞ்ச் மாட்டி குமிழியை உறிஞ்சியும் பார்ப்பார்கள்.

* இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவார்கள். அந்த அழுத்தத்தில் பெரிய குமிழி உடைந்து சின்னதாகச் சிதறவும் செய்யும்.

ஏறியது கார்பன் டை ஆக்சைடு என்றால், இந்தச் சில நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் போதும். காஸ் கரைந்து, ஆள் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. வெளிக்காற்று என்றால் அந்தச் சலுகை கிடையாது.

எத்தனை பேருக்கு வரும்?

பெரிய ஆய்வுகளில் ஒரு லட்சம் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் ஒருவர் முதல் 15 பேர் வரைதான் இப்படி பாதிக்கப்பட்டதாகக் கணக்கு வந்திருக்கிறது. ஆனால் வந்துவிட்டால் கடுமைதான். பாதிக்கப்பட்ட பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அரிதாக வரும், வந்தால் அடிக்கும் என்பதால்தான் முன்னேற்பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போதே எக்கோ வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நிறைய பேருக்கு சின்னச் சின்ன குமிழிகள் இதயத்தில் தெரிந்திருக்கின்றன. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரைந்துபோயின.

அதனால் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "எனக்கு லேப்ராஸ்கோப்பி வேண்டாம்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழித்தால் சீழ், குடலிறக்கம், ரத்தச்சேதம் என்று அதிலும் ஆபத்து இருக்கிறது. பித்தப்பைக் கல்லை அப்படியே விட்டால் அது வேறு வம்பு. எது நல்லது என்று டாக்டரிடம் பேசி முடிவு எடுங்கள்.

இதுக்கெல்லாம் பயப்படாதீங்க

ஆபரேஷன் முடிந்து ரெண்டு மூணு நாள் தோள்பட்டை வலிக்கும். "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் வலிக்குதே, காஸ் ஏறிடுச்சோ" என்று பலர் பதறுகிறார்கள். வயிற்றில் மிச்சம் இருக்கும் காஸ், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையை உறுத்தும். அதன் நரம்பு தோளோடு சம்பந்தப்பட்டது. வலி தானாகக் குறைந்துவிடும்.

அதேபோல குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் ஒரு பொடிக் குமிழியைப் பார்த்ததும் "உசுரு போயிரும்" என்று சிலர் நர்ஸிடம் சண்டைக்குப் போகிறார்கள். கையில் ஏற்றும் டியூபில் ஒன்றிரண்டு பொடிக் குமிழி போவதால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. நுரையீரலில் வடிகட்டிவிடும். உயிரை எடுக்க 200, 300 மில்லி என்ற அளவில் காற்று வேகமாக உள்ளே போக வேண்டும். இருந்தாலும் டியூபில் நிறைய காற்று தெரிந்தால் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்வது தப்பில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், வயிறு உப்பிக்கொண்டே போவது, நிற்காத வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி, மூச்சுத்திணறல், காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் என்று ஏதாவது வந்தால் "காஸ்தான், சரியாயிரும்" என்று சுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். காஸ் எம்பாலிசம் வருவது ஆபரேஷன் டேபிளிலோ அது முடிந்த கையோடோதான். இவை வேறு சிக்கலுக்கு அறிகுறி. 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்க!

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பேப்பரை நீட்டுவார்கள். நாமும் எங்கே என்று கேட்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம். போடுவதற்கு முன்னால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

1. வயிற்றுக்குள் ஏற்றுவது கார்பன் டை ஆக்சைடுதானே? அழுத்தம் காட்டும் மெஷின் இருக்கிறதா?

2. மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை கூடவே இருப்பாரா?

3. கேப்னோகிராப் மானிட்டர் இருக்கிறதா?

4. ஏதாவது சிக்கல் வந்தால் இங்கேயே ஐ.சி.யூ. இருக்கிறதா, இல்லை நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

நாம சொல்ல வேண்டியதும் உண்டு. முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தால், இதயத்தில் ஓட்டை என்று யாராவது சொல்லியிருந்தால், ஆஸ்துமா இருந்தால், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து என்பது சடங்கு இல்லை. கேமரா விட்டுப் பார்ப்பதற்கு என்று கையெழுத்து வாங்கிவிட்டு, ஒரு பெண்ணின் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட டெல்லி வழக்கில், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது டாக்டர் கடமை.

ஆபரேஷன் சம்பந்தப்பட்ட பேப்பர்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ல் இருந்தே டாக்டர்களுக்கு உள்ள விதி. சிக்கல் எதுவும் வந்தால் அந்தப் பேப்பர்தான் ஆதாரம். சந்தேகம், புகார் என்றால் 104-க்குப் போன் செய்யலாம். தென்காசி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் மனு கொடுக்கலாம். காசு கொடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது.

தோட்டத்து மோட்டார் 'ஏர் லாக்' ஆனால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கலாம். ஒரு நாள் தண்ணி பாய்ச்சாவிட்டால் எலுமிச்சை மரம் பட்டுப்போகாது. நெஞ்சுக்குள் இருக்கும் மோட்டாருக்கு அந்த அவகாசம் இல்லை. மெக்கானிக் முன்கூட்டியே பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்கிறாரா என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க!